சமையல் குறிப்பில் இருபத்து மூன்று படங்கள்

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போய்த்தான் மூச்சு விட வேண்டும். லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி தேய்க்கும் இயந்திரமே பாதி அறையை அடைத்துக்கொண்டிருந்தது. ஏழு மாதமாக அவளுக்கு அந்த இயந்திரத்தில்தான் வேலை. சாப்பாட்டு நேரம் என்பதால் கடையில் ஈ காக்கை இல்லை. அவளும் கவுன்டர் அக்காவும் மேசைமேல் இரண்டு போன்களை வைத்து, நடுவில் ஒரு கேபிளைச் செருகிவிட்டு, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதிய போன் அவள் சம்பளத்தில் வாங்கியது. பழையது புருஷன் வாங்கிக் கொடுத்தது. அவன் அதைச் சுவரில் விட்டெறிந்த அன்றுதான் அவள் வீட்டை விட்டு வந்தாள். திரையின் கீழ்ப்பாதி போய்விட்டது. பத்து தடவை தட்டினால் ஒரு தடவை கேட்கும். வந்த அன்றே சிம்மைக் கழற்றிச் சாக்கடையில் போட்டாள். போனை அணைத்துத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தவள் இன்றுதான் அதை வெளியே எடுத்திருக்கிறாள்.

எடுக்காமல் முடியாது. அதற்குள் இருபத்து மூன்று படங்கள் இருந்தன. ஒவ்வொரு முறை அவன் கை நீட்டிய பிறகும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளே எடுத்தவை. தோள், முதுகு, காதுக்குக் கீழே கன்றிப்போன இடம். எல்லாவற்றையும் ‘சமையல் குறிப்பு’ என்ற ஆல்பத்தில் போட்டு வைத்திருந்தாள். அவள் போனைத் தினம் தினம் நோண்டியவன் அதை மட்டும் ஒரு நாளும் திறக்கவில்லை. அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மகராசன், சமையல் குறிப்பையா பார்க்கப் போகிறான்!

நாளை வழக்கு. “படம் இல்லேன்னா நீங்க ஒண்ணு சொல்வீங்க, அவர் ஒண்ணு சொல்வார். சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்துடுங்க,” என்று வக்கீலம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

“ஏன்டி இப்படிப் பயந்து சாகறே?” என்றாள் அக்கா. “சிம் இல்லாத போன். செத்த பாம்பு அது.”

அவளும் அப்படித்தான் நம்பினாள். பழைய போனைக் கடை வைஃபையில் சேர்க்கச் சொல்லிப் புதிய போன் கேட்டது. பாதி செத்த திரையில் பாஸ்வேர்டு அடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது: படங்கள், எண்கள், செய்திகள், கணக்குகள்.

“ஒவ்வொண்ணா பாத்துட்டிருந்தா பொழுது போயிடும். எல்லாத்தையும் டிக் பண்ணு,” என்றாள் அக்கா.

டிக் செய்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் ‘சரி’ என்று அழுத்தினாள்.

நாற்பத்தொரு சதவீதம் ஆனபோது பழைய போன் அலறியது.

சைலன்டில் வைத்திருந்த போன். இருவரும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்கள். அக்காவின் டிபன் டப்பா கீழே உருண்டது.

“யாருடி கூப்பிடறாங்க? சிம்மே இல்லையே!”

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் போனை எங்கேயாவது வைத்துவிட்டு அவள் தேடும்போதெல்லாம், அவன் தன் போனிலிருந்தே இதை இப்படி அலறவிடுவான். ‘பாத்தியா, கணக்கு என் பேர்ல இருக்கு. நீ எங்க போட்டாலும் எனக்குக் காட்டிக் கொடுத்துடும்’ என்று சிரிப்பான். அன்றைக்கு அவளும்கூடச் சிரித்தாள்.

“கூப்பிடலக்கா. தேடறான். வைஃபையில சேர்த்தோம்ல, கடை இருக்கிற இடம் இப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அக்கா கேபிளின்மேல் கை வைத்தாள். “கேபிளைப் பிடுங்கட்டுமா?”

“வேணாம்!”

இன்னும் பதினெட்டு நிமிடம் என்றது திரை. அவன் வீட்டிலிருந்து காரில் நாற்பது நிமிடம். விரட்டி ஓட்டினால் முப்பது. அக்கா போய் ஷட்டரை இறக்கிவிட்டு வந்தாள். அதற்குள் அவள் பழைய போனின்மேல் லென்ஸ் துடைக்கும் துணிகளைக் கட்டுக் கட்டாக அமுக்கினாள். சத்தம் நின்றது. பெருமூச்சு விடுவதற்குள் மறுபடி தொடங்கியது. தெருவில் எந்த வண்டி நின்றாலும் அது அவன் வண்டியாகவே கேட்டது.

ஒரு வழியாக வேலை முடிந்தது. புதிய போனில் ஆல்பத்தைத் திறந்து எண்ணினாள். இருபத்து மூன்று. பழையதை எடுத்து, இயந்திரத்தின் அழுக்குத் தண்ணீர் விழும் வாளியில் அமுக்கினாள். அலறல் கரகரத்து அடங்கியது.

“பின் வாசல் வழியா ஓடு. அவன் வந்தா நான் பாத்துக்கறேன். பார்வை நல்லா இருக்கிறவனுக்கே பவர் போட்டு அனுப்பறவ நான்,” என்றாள் அக்கா.

பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். வக்கீல் அலுவலகத்துக்கு ஐந்து நிறுத்தம். இரண்டு கடந்த பிறகுதான் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மடியில் அலறல் கேட்டது.

வேறு யாருடைய போனோ என்று முதலில் திரும்பிப் பார்த்தாள். சத்தம் அவள் பையிலிருந்துதான் வந்தது. அதே அலறல், இந்த முறை புத்தம் புதிய போனில். கணக்குகள்! எல்லாவற்றையும் டிக் செய்தாளே. படங்களோடு அவனையும் சேர்த்தல்லவா ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்!

ஜன்னல் வழியே எறிந்துவிடக் கை துடித்தது. எறிந்தால் படங்களும் போய்விடும். அணைக்கலாம். ஆனால் அடுத்த நிறுத்தத்திலேயே அவன் ஏறிப் பிடுங்கிக்கொண்டால்? சுவரில் எறிய அவனுக்குச் சொல்லியா தரவேண்டும்!

“எடும்மா,” என்றாள் பக்கத்து சீட்டு அம்மாள். “யாரோ பாவம், அவசரமா கூப்பிடறாங்க போல.”

அவள் எடுத்தாள். அலறும் போனைக் கையில் பிடித்தபடியே வக்கீலம்மாவின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். ஆல்பத்தைத் திறந்து படங்களை அனுப்பத் தொடங்கினாள். பஸ் முழுக்கத் திரும்பி முறைத்தது. நான்கு போயிற்று. ஒன்பது. பக்கத்து அம்மாள் படங்களைப் பார்த்துவிட்டாள்; திரும்பி உட்கார்ந்து மற்றவர்கள் கண்ணிலிருந்து திரையை மறைத்தாள். பதினாறு. ஒரு சிக்னலில் கார் ஒன்று பஸ்ஸை ஒட்டி நின்றது. குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இருபத்திரண்டு. இருபத்து மூன்று.

‘கிடைத்தது. எங்கே இருக்கீங்க?’ என்று வக்கீலம்மாவிடமிருந்து பதில் வந்தது. ‘பஸ்ஸில் வந்துட்டிருக்கேன்’ என்று அனுப்பினாள். அதன் பிறகுதான் போனை அணைத்தாள்.

படங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. இனி அவன் தலைகீழாக நின்றாலும் அவற்றைத் தொட முடியாது. பஸ் வேகம் குறைந்து நிறுத்தத்தில் நின்றது, முன் கதவு திறந்தது. அவள் மட்டும் இன்னும் பஸ்ஸுக்குள்தான் இருந்தாள்.