கிர்க்கனெஸிலிருந்து ஹம்மர்ஃபெஸ்ட், இரண்டு விரற்கடை

சவிரிமுத்து ஒஸ்லோவில் இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டுகிறவர். வீடு நகருக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில். ஒரே மகள் அனஸ்ரேசியாவுக்கு நாட்டின் வடகோடியில், கிர்க்கனெஸில் மருந்தகம் ஒன்றில் வேலை. கோயிலில் பழக்கமான புஷ்பமலர் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தார். மாப்பிள்ளைப் பெடியன் யூலியன், ஹம்மர்ஃபெஸ்டில் கணித ஆசிரியர்.

"ரெண்டு பேரும் வடக்கு. பக்கத்துப் பக்கத்து ஊர்தானே," என்றார் புஷ்பமலர்.

மகளிடம் ஒரு கிழமை தங்கப் போன சவிரிமுத்து, அவள் வீட்டுச் சுவரில் இருந்த வரைபடத்தில் விரல் வைத்து அளந்து பார்த்தார். இரண்டு விரற்கடை.

"நாளைக்குக் காலமை போய்ப் பெடியனைப் பாத்திட்டு, பின்னேரம் வந்திடுவன்."

"அப்பா, அது கிட்ட இல்லை."

"நேர பறந்தா முக்கால் மணித்தியாலம்."

"நேர ஆர் பறக்கிறது?"

அந்தக் கேள்வியின் பொருள் விமானம் ஏறிய பிறகுதான் அவருக்கு விளங்கியது. முப்பது பேர் இருக்கிற சின்ன விமானம். எழும்பிப் பத்து நிமிடத்தில் இறங்கியது. இரண்டு பேர் இறங்க, ஒருவர் மீன் பெட்டியுடன் ஏறினார். மறுபடி எழும்பியது, மறுபடி இறங்கியது. தன்னுடைய பஸ்கூட இத்தனை இடத்தில் நிற்பதில்லை என்று சவிரிமுத்து பொருமினார். மணி அடித்தால் இறக்கிவிடுவார்களோ என்றும் யோசித்தார்.

நாலாவது இறக்கம் மேஹாம்ன். அங்கே பனிமூட்டம் இறங்கி, ஓடுபாதையே மறைந்துபோனது. எல்லோரையும் ஒரு சின்ன மண்டபத்தில் இருத்தினார்கள். மற்றப் பயணிகள் பின்னல் வேலையை எடுத்தார்கள், சீட்டு விளையாடினார்கள். சவிரிமுத்து மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி, கவுண்டரில் நின்ற பெண்ணிடம் நேரம் கேட்டார். அவள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிரித்தாள்.

மதியம் மனைவி யோசெப்பின் தொலைபேசியில் வந்தார்.

"இஞ்சேருங்கோ, எங்கை நிக்கிறியள்? யூலியன் வந்திருக்கிறார்."

"எங்கை?"

"எங்கட வீட்டை. உங்களைக் கண்டு கதைக்கவெண்டு, சொல்லாமல் வந்தவர். புட்டுச் சாப்பிடுறார்."

"நான் மேஹாம்னில மூட்டத்தில நிக்கிறன். அவர் ஹம்மர்ஃபெஸ்டில இருந்தோ? எத்தனை மணிக்கு வெளிக்கிட்டவர்?"

யூலியனே தொலைபேசியை வாங்கினான். "ஆறு மணிக்கு, அங்கிள். அல்ராவுக்குக் காரில ரெண்டு மணித்தியாலம், பிறகு ஒஸ்லோவுக்கு நேர விமானம்."

சவிரிமுத்து வெளிக்கிட்டது ஏழு மணிக்கு. நாடு முழுவதையும் தாண்டிப் போனவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து ஊருக்குப் புறப்பட்டவர் பாதி வழியில் தண்ணீர்ப் போத்தலோடு இருந்தார்.

"அங்கிள், அந்த மண்டபத்தில கோப்பி மிஷின் இருக்கு. ரெண்டாவது பொத்தானை அமத்துங்கோ, முதலாவது வேலை செய்யாது. நானும் அங்கை ஆறு மணித்தியாலம் இருந்தனான்."

கோப்பி நன்றாகத்தான் வந்தது.

பின்னேரம் மூட்டம் கலைந்தது. ஆனால் விமானம் திரும்பிக் கிர்க்கனெஸுக்கே போனது. காலையில் வழியனுப்பிய அதே வாசலில் அனஸ்ரேசியா காருடன் நின்றாள். சிரிப்பை அடக்கியதில் முகம் சிவந்திருந்தது.

"அம்மா எல்லாம் சொன்னவா. அப்பாவுக்காக மன்னிப்புக் கேக்க அவருக்குப் போன் அடிச்சனான். ஒண்டரை மணித்தியாலம் கதைச்சிட்டம்."

"மன்னிப்பை ஒண்டரை மணித்தியாலமோ கேட்டனீ?"

"அது ரெண்டு நிமிசம்." அவள் காரைக் கிளப்பினாள். "வாற சனிக்கிழமை சந்திக்கிறம். ஒஸ்லோவில. இஞ்சையிருந்தும் அங்கை நேர விமானம் இருக்கு."

சவிரிமுத்து சீற் பெல்ற்றை இழுத்து மாட்டினார். "ஓம், அதுதான் கிட்ட," என்றார்.