சத்தச் சந்தா

வேலாங்குறிச்சியில் ஒரு பாட்டு வானத்தில் ஏற வேண்டுமானால், அதே எடைக்கு ஊரிலிருந்து சத்தம் இறங்க வேண்டும். ஊருக்கு மேலே உள்ள காற்று அவ்வளவு நெருக்கடியானது. தெருவுக்குத் தெரு விசைத்தறிக் கூடங்கள். அவை அடிக்கிற அடியில் கூரை மட்டத்திலிருந்து மேகம் வரை காற்று நிரம்பிக் கிடக்கும். வெளியூர் வானொலிகள் இங்கே நுழைவதில்லை. பேருந்தில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுகூட, கோழிப்பண்ணையைத் தாண்டியதும் சரணத்தின் பாதியில் இறங்கி நின்றுகொள்ளும். அந்தப் பேருந்து திரும்பி வரும்போது மீதிச் சரணத்தோடு ஏறிக்கொள்ளும்.

ஆகவே உள்ளூர் வானொலி நடத்திய சிந்தாமணி தன் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சியைச் சந்தாவில் நடத்தினாள். சந்தா என்றால் பணம் இல்லை. பணம் கொடுத்தால் காற்று நகர்ந்து இடம் விடாது. சந்தாதாரர்கள் தங்கள் வீட்டில் உண்டாகும் சத்தத்தில் முடிந்த அளவைத் தூக்குப்போசி என்கிற மூடிப் பாத்திரத்தில் பிடித்து, மூடியை இறுக்கி, சனிக்கிழமை கொண்டுவந்து கொடுப்பார்கள். மூடியைத் திறக்காத வரை அந்தச் சத்தம் ஊரில் இருக்காது. அது இருந்த இடத்தில் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பாட்டு இருக்கும். திங்கட்கிழமை போசிகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

நிலையம் ஒரு பழைய நூல் குடோனின் மாடியில் இருந்தது. நூல் நிறுக்கிற பெரிய தராசு அங்கேயே தொங்கியது வசதியாகப் போயிற்று. ஒரு தட்டில் அன்றைய பாட்டுகளையும் மறு தட்டில் போசிகளையும் வைப்பாள். பாட்டுகளின் எடை பொதுவாக மக்கள் நினைப்பதற்கு நேர்மாறானது. தாலாட்டுதான் கனம், பிள்ளை தூங்கும்வரை தாங்கவேண்டிய சரக்கு அது. ஒப்பாரி பஞ்சு மாதிரி லேசாக இருக்கும். அழுது முடித்த எதுவும் அப்படித்தான்.

எந்தக் கம்பெனியும் வெளியிடாத பாட்டுகளையே சிந்தாமணி போட்டாள். டீசலுக்கு வரிசையில் நின்றபோது ஒரு லாரி கிளீனர் வாசித்த மவுத் ஆர்கன். கல்யாணம் நின்றுபோன மண்டபத்தில், வந்ததற்கு வாசித்துவிட்டுப் போவோம் என்று பேண்டு செட்டார் தங்களுக்காகவே வாசித்தது. வாரத்தின் மற்ற நாட்களில் அவளுக்கு நூல் கடையில் வேலை. தறிச் சத்தத்தில் அங்கே யாரும் அவளோடு பேசுவதில்லை, கையைக் காட்டுவார்கள். ஞாயிறு அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் பேசினாள், ஊர் கேட்டது. அது போய்விட்டால் மீதி இருப்பது கை ஜாடைதான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் ஏசுவடியான். தூத்துக்குடிக்காரர், கப்பல்களில் ரேடியோ அறையிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் விடுதித் தட்டு, பிறகு கப்பல் தட்டு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தமாக ஒரு பாத்திரம்கூட வைத்துக்கொண்டதில்லை. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

நிகழ்ச்சிக்குப் பெரிய சந்தாதாரர் தறி முதலாளி நாச்சிமுத்து. சனி மாலை அவருடைய தறிச் சத்தம் முழுவதும் பீப்பாய்களில் வந்து இறங்கிவிடும். ஞாயிறு முழுக்கத் தறிகள் சத்தமில்லாமல் ஓடும். தராசில் அந்தப் பீப்பாய்களை வைத்தால் வேறு எதுவும் வைக்கத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை அவர் மாடியேறி வந்தார்.

"ஏனுங் அம்மிணி, நம்ம மாப்ள கீபோர்டு வாசிக்கறாப்ல. இனிமேல் முதல் அரை மணி அவர்துதான் போடோணும்."

"குடுத்தனுப்புங்க, கேக்கறேன். நல்லா இருந்தாப் போடறேனுங்க."

"கேட்டுட்டுப் போடறதுக்கு நான் எதுக்குச் சத்தங் குடுக்கோணும்? கேக்காமப் போடறதுக்குத்தானே குடுக்கறது?"

"கேக்காமப் போட்டா, அவங்களும் கேக்காமயே போயிருவாங்க."

நாச்சிமுத்து கோபப்படவில்லை. "அப்ப என்ற சத்தம் என்ற கிட்டயே இருக்கட்டுமுங்" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒரு பீப்பாயைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அது நிரம்பியிருப்பதுபோல் மொத்தென்று ஒலித்தது. ஆட்கள் வந்து எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த ஞாயிறு, இருந்த சில போசிகளின் எடைக்கு ஒரு பாட்டுதான் ஏறியது. அதன் கடைசியில் சிந்தாமணி மைக்கில் சுருக்கமாகச் சொன்னாள்: "பெரிய சந்தா நின்னு போச்சுங்க. அடுத்த வாரம் இந்த நிகழ்ச்சி வேணும்னா, சின்னச் சத்தமா இருந்தாலும் கொண்டுட்டு வாங்க."

சனிக்கிழமை குடோன் வாசலில் வரிசை நின்றது. தையல்காரர் ரங்கசாமி தன் தையல் மெஷினின் சத்தத்தைக் கொடுத்தார். டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளர்கள் மோதும் சத்தத்தைக் கொண்டுவந்தார். டியூஷன் வாத்தியார் மோகனாம்பாள், பிள்ளைகள் ஒரே குரலில் கத்தும் பதினாறாம் வாய்ப்பாட்டைப் பெரிய போசியில் நிரப்பிக்கொண்டுவந்து, "அப்படியே வெச்சுக்கிட்டாலும் பரவால்லீங்" என்றாள். பரிமளம் என்ற பெண் கணவனின் குறட்டையோடு வந்தாள். கணவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"அது என்ற குறட்டைங்க!"

"நீங்க ஒருநாளாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள் பரிமளம். "கேட்டவ நானு. எனக்குத்தான் சொந்தம்."

சிந்தாமணி யோசித்துப் பார்த்தாள். ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையும் கேட்டிராத ஒரு சத்தத்துக்கு அவர் உரிமை கொண்டாட முடியாது என்று தோன்றியது. போசியை வாங்கி வைத்துக்கொண்டாள். கணவன் நியாயத்தை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வரிசையின் கடைசியில் நின்ற காளியம்மாள், தெருவே நடுங்கும் தன் சண்டைக் குரலைக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கொடுத்துவிட்டதால் எதுவும் சொல்லாமல் போனாள். தராசு முள் நேராக நின்றது. ஞாயிறு ஆறு மணிக்கு மவுத் ஆர்கனும் பேண்டு செட்டும் வானத்தில் ஏறின. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தன் சத்தம் இருந்த இடத்தில் எந்தப் பாட்டு நிற்கிறது என்று தெரிந்திருந்தது. ரங்கசாமி மெஷினுக்கு நேர் மேலே விரலைக் காட்டி, "இந்த இடம் நம்முளுது" என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னார்.

திங்கட்கிழமை சிந்தாமணிக்கு நூல் கடையில் சரக்கு இறங்கும் நாள். "போசிகளைத் திருப்பிக் குடுத்திருங்கண்ணா, பேரு போட்டிருக்கும்" என்று ஏசுவடியானிடம் சொல்லிவிட்டுப் போனாள். போசிகளை இதுவரை சிந்தாமணியே திருப்பிக் கொடுத்துவந்தாள். பீப்பாய்களை மட்டுமே கொடுத்துப் பழகிய அவர், ஒவ்வொரு போசியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பெயர் இருந்தது. ஊரும் இருந்தது. தாராபுரம், காங்கயம், அன்னூர், அவினாசி. கடமை தவறாத மனிதர். பேருந்து நிலையத்துக்குப் போய், நடத்துநர்களிடம் ஒவ்வொன்றாக ஒப்படைத்து, உரியவர் கையில் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு வந்தார்.

பாத்திரத்தில் பொறித்திருப்பது வைத்திருப்பவர் பெயரல்ல, கல்யாணத்தில் சீராகக் கொடுத்தவர் பெயர் என்பது, பாத்திரமே இல்லாமல் வாழ்ந்த ஒருவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஆகவே அன்று மாலைக்குள் வேலாங்குறிச்சியின் சத்தங்கள் அந்தந்த வீட்டு மாமன்களுக்கும் அத்தைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. மோகனாம்பாளின் சித்தப்பா காங்கயத்தில் போசியைத் திறந்தார். பதினாறாம் வாய்ப்பாடு வெளியே வந்து தொழுவத்தில் குடியேறியது. எருமைகள் வாய்ப்பாட்டில் இருநூற்று எட்டு வந்த பிறகே பால் கறக்க விட்டன. குறட்டை தாராபுரத்தில் பரிமளத்தின் நாத்தனார் வீட்டுக்குப் போயிற்று. அந்த அம்மாள் கேட்டவுடன் அடையாளம் கண்டு, "அண்ணன் களைச்சுப் போய் வந்திருக்காரு" என்று பாயும் தலையணையும் போட்டு, ஃபேனையும் வேகமாக வைத்தாள்.

வேலாங்குறிச்சியில் டீ வந்தது தெரியாமல் ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். தைத்துக் கொடுத்த சட்டைகள், தைத்ததுபோலவே தெரியவில்லை என்று ரங்கசாமியிடம் திரும்பி வந்தன. பரிமளத்தின் கணவன் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டே, தூங்குகிறோமா இல்லையா என்று மனைவியிடம் அடிக்கடி விசாரித்தான்.

செவ்வாய்க்கிழமை சந்தாதாரர்கள் குடோனுக்குச் சண்டைக்கு வந்தார்கள். சண்டைக்கு வேண்டிய குரல் அவினாசியில் இருந்தது. காளியம்மாள் இடுப்பில் கை வைத்து முன்னால் நின்றாள், வாய் அசைந்தது, எல்லோரும் மரியாதையோடு கவனித்தார்கள். பிறகு ரங்கசாமிதான் பேசினார்.

"நம்பித்தானே குடுத்தோமுங்க? இனிச் சத்தங் கைக்கு வராம ஒரு போசியும் வராது."

"பேரு போட்டிருந்துச்சு, ஊரும் போட்டிருந்துச்சு. நான் என்னத்தக் கண்டேன்?" என்றார் ஏசுவடியான்.

"கட்டிக் குடுத்த மாமனாரு பேரைப் போட்டிருந்தா, பாத்திரத்துக்கு மாமனாரு வீட்டுக்கே வழி தெரியும்னு அர்த்தமா? உங்க ஊர்ல கல்யாணமே நடக்காதுங்களா?"

"நடக்கும். நான் கடல்ல இருந்தேன்."

"தப்பு என்ற மேலதானுங்க. பேரு போட்டிருக்கும்னு சொன்னது நானு" என்றாள் சிந்தாமணி. "சனிக்கிழமைக்குள்ள வரலைன்னா, நிகழ்ச்சியை நிறுத்திக்கறேன்."

அதைச் சொல்லும்போது அவள் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முள் அசைந்தது. அசைந்ததை யாரும் பார்க்காதபடி கையை எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் நாச்சிமுத்து வந்தார். பீப்பாய்கள் கீழே வண்டியிலேயே இருப்பதாகச் சொன்னார். "அரை மணி வேண்டாமுங் அம்மிணி. கால் மணி. என்ற மாப்ள தன்மையானவரு, கால் மணியில முடிச்சுக்குவாரு."

"சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க."

"வண்டி வாடகை ஓடுதுங்களே."

"வண்டியை நிறுத்தி வெக்கச் சொல்லி நான் சொல்லலீங்களே."

அவர் சிரித்தார். "நீங்க பொழைக்கத் தெரியாதவங்க" என்றார். வண்டி சனிக்கிழமை வரை அங்கேயே நின்றது.

புதன் போயிற்று, வியாழனும் போயிற்று. சிந்தாமணி கடைசி நிகழ்ச்சியென்று வைத்துக்கொண்டு பாட்டுகளை எடுத்துத் தட்டில் வைத்தாள். தாலாட்டுகளை எடுத்தாள், எப்படியும் ஏறப் போவதில்லை என்றால் கனமானவையாகவே இருக்கட்டும். மறு தட்டு மேலே போய் விட்டத்தில் முட்டி நின்றது.

சனிக்கிழமை காலை முதல் பேருந்திலேயே தாராபுரத்து நாத்தனார் வந்து இறங்கினாள். அடுத்ததில் காங்கயத்துச் சித்தப்பா. சீராகக் கொடுத்த பாத்திரம் திரும்பி வந்தால் அதை நடத்துநர் கையில் கொடுத்தனுப்புவது குடும்பத்துக்கு அழகல்ல. நேரில் வந்து, யாருக்கு என்ன மனத்தாங்கல் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மத்தியானத்துக்குள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரம்பரை, அதாவது உறவுக்காரர் கூட்டம், நிறைந்துவிட்டது. மனத்தாங்கல் ஒன்றும் இல்லை, ரேடியோக்காரர் கடலில் இருந்தவர் என்று விளக்கம் சொல்லப்பட்டு, ஏற்கப்பட்டது.

எல்லோரும் போசிகளோடு குடோன் மாடிக்கு வந்தார்கள். சத்தங்கள் எண்ணிக்கை குறையாமல் இருந்தன. காளியம்மாள் தன் குரலை அங்கேயே திறந்து, செவ்வாய்க்கிழமை பேசவேண்டியதை முதலிலிருந்து கடைசிவரை பேசினாள். ஏசுவடியான் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். பேசி முடித்து, மீதியை மறுபடி பிடித்து மூடித் தராசில் வைத்தாள்.

ஆனால் வந்த போசிகள் கொடுத்ததைவிடக் கனத்தன.

"காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கற வழக்கம் நம்ம வீட்ல இல்லீங்" என்றாள் தாராபுரத்து நாத்தனார்.

"அதுலதான் குறட்டை இருந்துச்சே?" என்று கேட்டார் ஏசுவடியான், இந்த முறை சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில்.

"அது உங்குளுது. உங்களதை உங்களுக்கே குடுத்தா, நான் வெறுங்கையோட வந்த மாதிரிதானே? அதான் அடியில கொஞ்சம் அமராவதித் தண்ணி கல்லுல விழுகற சத்தம் வெச்சேன். மேல குறட்டை."

சித்தப்பா எருமைகளின் கழுத்து மணியை வைத்திருந்தார். அன்னூர்க்காரர் கிணற்று மோட்டார், அவினாசி அத்தை தேர்க் கூட்டத்தில் தொலைந்து கிடைத்த பிள்ளையை அதன் அம்மா அடிக்கிற சத்தம். ஒவ்வொன்றாகத் தட்டில் ஏறின. பாட்டுத் தட்டு தரையை விட்டுக் கிளம்பியது, தாலாட்டுகள் மேலே எழுந்தன, முள் நேராக வந்து, நில்லாமல் மறுபக்கம் சாய்ந்தது. கீழே நாச்சிமுத்துவின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அது அவருக்குச் சொந்தமான சத்தம், யாரும் பிடிக்கவில்லை.

ஞாயிறு மாலை ஊரும் ஒரம்பரையும் கூரைகளில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சிந்தாமணி கையிலிருந்த தாலாட்டுகள் எல்லாவற்றையும் போட்டாள். ஒரு மணி நேரம் முடிந்தது. நன்றி சொன்னாள், அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்வதா வேண்டாமா என்று தயங்கினாள், சொல்லாமலே மைக்கை அணைத்தாள். ஏசுவடியான் இயந்திரத்தை நிறுத்தினார். தராசில் போசிகள் இன்னும் தாழ்ந்தே இருந்தன. வானத்தில் இடம் காலியாக இருந்தது. வேலாங்குறிச்சியில் அப்படி நடந்ததில்லை.

சற்று நேரத்தில் காலியிடத்தில் நிகழ்ச்சி தொடங்கியது. சிந்தாமணியின் குரல், லேசாக ஜலதோஷம் பிடித்த குரல், வணக்கம் சொல்லியது. போன வாரத் தாலாட்டுகளைப் பற்றி எழுதியவர்களுக்கு நன்றி சொல்லி, அவளிடம் இன்னும் இல்லாத ஒரு பாட்டைப் போட்டது. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. இடம் கிடைத்ததும் வந்துவிட்டிருந்தது.

"மைக்கை ரெண்டு விரக்கடை தள்ளி வெச்சிருக்கலாம்மா" என்றார் ஏசுவடியான்.

"ஆமாங்ண்ணா, தள்ளி வெச்சுக்கறேன்."

கூரைகளில் யாரும் எழுந்து போகவில்லை. பாட்டு இரண்டாம் சரணத்தில் இருந்தபோது போன் அடித்தது. ஏசுவடியான் எடுத்தார்.

"சிந்தாமணியம்மாவா? நிகழ்ச்சியில இருக்காங்க. முடிஞ்சதும் பேசுவாங்க" என்று சொல்லி வைத்தார்.

சிந்தாமணி தலையாட்டினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, தான் முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.