எலும்பெடுக்கும் கை

மாட்டின் தொண்டையில் சிக்கிய எலும்பை எடுப்பதில் கவேசேரியை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. வறண்ட மாதங்களில் புல்லில் சத்து இருக்காது. மாடு மேய்த்தே வாழும் ஹெரேரோ மக்களின் மாடுகள் காட்டில் கிடக்கும் எலும்புகளைத் தேடிக் கடிக்கும். சிலதுக்குத் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். உடனே கவேசேரிக்கு ஆள் வரும். சட்டைக் கையை மடித்து, முழங்கை மறையும்வரை உள்ளே விட்டு, எலும்போடு வெளியே எடுப்பார். கைராசிக்காரர் என்று ஊரில் பெயர். ஊர் மறந்தால் அவரே நினைவூட்டுவார்.

அப்பேர்ப்பட்டவர் இப்போது தன் வீட்டு நாய்க்குப் பயந்துகொண்டிருந்தார்.

பட்டப்பகலில் ஒரு குள்ளநரி, அழைத்து வந்த விருந்தாளி மாதிரி மாட்டுப்பட்டிக்குள் நடந்து வந்தது. நாய் அதன்மேல் பாய்ந்தது. மாடுகளுக்கு நடுவே ஒரே புழுதி. கவேசேரி தடியோடு ஓடி நரியை அடித்துக் கொன்றபோது நாயின் காதில் ரத்தம் வழிந்தது. வெறிபிடித்த நரி என்று அவருக்குத் தெரியாதா என்ன? நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தேடினார்.

"அதுக்குத்தான் ஊசி போட்டாச்சே," என்று மறித்தாள் மனைவி வெதுன்யோனா. ஹெரேரோப் பெண்கள் மாட்டுக்கொம்பு வடிவில் அணியும் துணித் தொப்பியோடு பள்ளிக்கூட மரத்தடியில் வெயிலில் வரிசையில் நின்று நாய்க்கு ஊசி போட்டு வந்தவள் அவள். 'உன் கொம்புத் தொப்பிக்கும் ஒரு ஊசி போட்டுட்டு வா' என்று கேலி செய்து அனுப்பியவர் அவர்.

"போட்டது கவர்மென்ட்டு. அவங்க போட்ட ரோடு எத்தனை மழைக்கு நின்னுச்சு?"

"கட்டியே கிடக்கட்டும். நோய் இருந்தா தானா தெரியும். நம்ம மாட்டைக் காப்பாத்தப் போய்த்தாங்க அது கடி வாங்குச்சு."

மனமில்லாமல் சம்மதித்தார். ஆனால் நாய் கொட்டாவி விட்டால், "பாரு, வாயைப் பொளக்குது," என்பார். தண்ணீர் குடித்தால், "நடிக்குது," என்பார். களித் தட்டை நீளக் கம்பால் தள்ளிவிடுவார். அதன் எச்சில் சிந்திய மண்ணைக்கூட மிதிக்க மாட்டார். அவர் மேய்ச்சலுக்குப் போனபின் வெதுன்யோனா அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அதைச் சுட்டுவிடுவாரோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சில வாரம் போனது. செவலைப் பசு வாயில் நுரை ஒழுகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. விழுங்க முடியவில்லை, குரல் கட்டிப்போய்க் கத்தியது. "எலும்பு," என்றார் கவேசேரி, கொஞ்சம் சந்தோஷமாகவே. கையை விட்டுத் துழாவினார். கடைவாய்ப் பல் கீறியதுதான் மிச்சம். வெறுங்கையோடு வந்து பழக்கமில்லாத கை அது. "உள்ளே இறங்கிடுச்சு," என்று சொல்லி, எச்சிலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, நாயைச் சுற்றி எட்ட நடந்து வீட்டுக்குள் போனார்.

மறுநாள் துப்பாக்கியைத் துடைத்துச் சுவரில் சாய்த்தார். "நாயைப் பாத்துப் பாத்தே எனக்குத் தூக்கம் போச்சு. இன்னைக்கு முடிச்சிடறேன்."

நல்லவேளை, வெதுன்யோனா சொல்லி அனுப்பியிருந்த கால்நடை மருத்துவர் ஜிபுகா வந்து சேர்ந்தார். நாய்க்கு இன்னோர் ஊசி போட்டுத் தட்டிக்கொடுத்தார். "கல்லு மாதிரி இருக்கு, பெரியவரே." திரும்பியவர் பசுவைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இதுக்கு என்ன?"

"எலும்பு, தம்பி. எடுக்கப் பாத்தேன்."

"கையை விட்டீங்களா?"

"பின்ன, காலையா விடுவாங்க?"

ஜிபுகா சிரிக்கவில்லை. "நரி வந்தப்ப இது பட்டியில இருந்துச்சா?"

இருந்தது. கவேசேரி தன் கையில் இருந்த கீறலைத் திருப்பிப் பார்த்தார்.

"எலும்பில்ல பெரியவரே, வெறி. நரி மாட்டையும் கடிச்சிருக்கு. கீறலைச் சோப்புப் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வண்டில ஏறுங்க. கோபாபிஸ் ஆஸ்பத்திரில ஊசி போடணும். இப்பப் போனா பொழைச்சுக்கலாம். நோய் தலைகாட்டிட்டா ஒண்ணும் செய்ய முடியாது."

கவேசேரி முழங்கைவரை சோப்புத் தேய்த்துக் கழுவினார். வெதுன்யோனா துப்பாக்கியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"உங்களை என்ன செய்யலாம், சொல்லுங்க. சுட்டுடலாமா, ஊசிக்கு வரிசையில நிறுத்தலாமா?"

"ஊசிக்கே கூட்டிட்டுப் போ," என்றார் அவர், தலை நிமிராமல்.

அவள் நாயை அவிழ்த்துவிட்டாள். அது நேராக அவரிடம் ஓடிவந்து கையை நக்கத் தாவியது. கவேசேரி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"அதைப் பிடிச்சுக்கோம்மா. என் கை அது மேல பட்டுடப் போகுது."