உப்புப் பொட்டலம்

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு அரை மணி நேர வேலை. பன்னிரண்டு நிமிடம் எனக்கு, பதினெட்டு நிமிடம் ஓவனுக்கு. முள் நீக்கிய மீன் துண்டுகள் இரண்டை ஈரம் போகத் துடைத்து, நசுக்கிய பூண்டும் மிளகுத்தூளும் தடவுவேன். பக்கத்தில் தக்காளி, பீன்ஸ். மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. தனித்தனியாக பட்டர் பேப்பரில் மடித்து உள்ளே தள்ளினால் முடிந்தது. ஒரு பொட்டலத்தில் உப்பு உண்டு, அது எனக்கு. மற்றதில் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது, அது என் கணவருக்கு. அடையாளம் தெரிவதற்காக என்னுடையதன் முனையை இறுக்கி முறுக்கிவிடுவேன். அவருடையதை வெறுமனே மடித்துவிடுவேன்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அவருக்கு ரத்த அழுத்தம் எகிறி, ஓட்டிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தை எப்படியோ ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவரும் பிழைத்துக்கொண்டார். டிப்போவில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்குப் பஸ் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். டாக்டர் உப்பை விடச் சொன்ன மறுநாளே மேஜை மேலிருந்த உப்பு ஜாடியை நான் ஒளித்து வைத்தேன். கண்ணில் பட்டால் இவருக்குக் கை சும்மா இருக்காது. மனுஷரைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன? தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓவனில் வைத்த கையோடு நான் குளிக்கப் போய்விடுவேன். அட்டைப்பெட்டித் தொழிற்சாலை கேன்டீனில் நான் தலைமைச் சமையல்காரி. இருநூறு பேருக்குச் சமைத்த வாடை தலைமுடியில் ஏறியிருக்கும். குளித்துவிட்டு வந்தால் அவர் பொட்டலங்களைப் பிரித்து, பேப்பரைக் குப்பையில் போட்டு, மீனைத் தட்டுகளில் எடுத்து வைத்துக் காத்திருப்பார். இருபத்தெட்டு வருஷத்தில் தானாக ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடிக்காத மனுஷன்! நோய் வந்தாலும் வந்தது, பொறுப்பும் வந்துவிட்டது என்று தங்கையிடம் போனில் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஒரு மாதம் போனதும் எனக்கே மனசு கேட்கவில்லை. "நீங்க சப்புனு சாப்பிடறப்ப எனக்கு மட்டும் என்ன உப்பு வேண்டிக்கிடக்கு? நானும் விட்டுடறேன்" என்றேன். அவர் பதறிப்போனார். "ஐயையோ, உனக்கு என்ன தலையெழுத்தா? எனக்காக நீ எதையும் விடக்கூடாது." அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் என் நாக்குக்கு என்னவோ ஆகிவிட்டது தெரிந்தது. நானே அளந்து உப்புப் போட்ட மீன் வீட்டில் சப்பென்றிருந்தது. கேன்டீனில் சூப்பைக் கரண்டியில் எடுத்து ருசி பார்த்தால் கடல் தண்ணீராகக் கரித்தது. சரி, உப்பு கூடிவிட்டது போல என்று அங்கே உப்பைக் குறைத்தேன். சாப்பிட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "மாஸ்டரக்கா, உங்க வீட்ல யாருக்கோ பத்தியம்னா எங்களை ஏன் தண்டிக்கிறீங்க?" என்று அட்டை ஒட்டும் பிரிவு ஆள் ஒருவன் சத்தமாகக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மறுநாள் ரோஷத்தில் உப்பை அள்ளிப் போட்டு, ஓர் அண்டா முழுவதையும் சாக்கடையில் ஊற்ற வேண்டியதாகிவிட்டது.

சமையல்காரிக்கு நாக்கு போனால் அப்புறம் என்ன இருக்கிறது? நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்த டாக்டர், வயசாகுதில்ல என்று கையை விரித்துவிட்டார். எனக்கு ஐம்பத்தொன்று. அன்று வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி விம்மி அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தார். "அழாதம்மா. உப்பு தெரியலேன்னா உலகமா முடிஞ்சுபோச்சு?" என்றார். தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று மேனேஜருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். என் எழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும். அவருடையது அச்சடித்தாற்போல இருக்கும். 'என் நாக்கில் சுவை உணர்வு குறைந்துவிட்டபடியால்' என்று அவர் எழுத, அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். என்னிடம் வேலை பழகிய பெண்ணிடம் என் கரண்டியைக் கொடுத்துவிட்டு, ஆறு வாரமாகக் காய் நறுக்குகிறேன்.

அவருக்கோ அழுத்தம் இறங்கியபாடில்லை. போன மாதம் மாத்திரை ஒன்று இரண்டானது. "வீட்டுல உப்பைக் குறைக்கச் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டீங்களாம்மா?" என்று டாக்டர் என்னைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார். இவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று கடையில் எலுமிச்சம்பழம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் பாதி காய்ந்தது. அதில் தேறியது ஒரே ஒரு வில்லை. உப்பில்லாததற்குப் புளிப்பாவது இருக்கட்டும் என்று அதை அவர் மீன்மேல் வைத்து மடித்தேன். வழக்கம்போல் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எலுமிச்சை வில்லை என் தட்டில் இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் சந்தோஷம்தான் வந்தது. தன் வில்லையை எடுத்து எனக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் வில்லை மீனோடு சேர்ந்து வெந்து ஒட்டிப்போயிருந்தது. எடுத்து வைத்த வில்லை அப்படி ஒட்டாது. வாயில் ஒரு துண்டு போட்டேன். எப்போதும்போல சப்பென்றிருந்தது.

"உங்க மீன்ல கொஞ்சம் குடுங்க" என்றேன்.

"எதுக்கு? அதான் உனக்கு இருக்கே." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கையை நீட்டி ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டேன். உப்பு இருந்தது. கேன்டீன் சூப் போலவே நாக்கில் கரித்தது. இருபது வருஷமாக இருநூறு பேருக்கு என் கை போட்ட அதே அளவு.

"எத்தனை நாளா?"

 அவர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "நான் பொட்டலத்தைப் பிரிச்ச மொத நாள் தெரியாமத்தான் மாறிடுச்சு. நீ எதுவும் சொல்லல. சரி, உனக்குத் தெரியலபோலன்னு..."

"எத்தனை நாளா?"

"அதுலேர்ந்துதான்."

 மனசில் ஒரு பக்கம் கோபம், இன்னொரு பக்கம் வெட்கங்கெட்ட நிம்மதி. நாக்கு போகவில்லை. வீட்டில் மாதக்கணக்காக உப்பில்லாமல் தின்று தின்று, ஒரு சிட்டிகை உப்பையும் கண்டுபிடிக்கிற அளவுக்குக் கூர்மையாகியிருக்கிறது. அதைத்தான் பழுது என்று நினைத்து இன்னொருத்தியிடம் கரண்டியைக் கொடுத்திருக்கிறேன்.

"உப்பு வேணும்னா வாய் விட்டுக் கேட்டிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதானே? உங்க உசிருக்குப் பயந்துதானே நான் இப்படி நாயா அலைஞ்சேன்? டாக்டர் திட்டினப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களா? அந்தக் கடுதாசியை உங்க கையாலயே எழுதினீங்களே, அப்பக்கூட வாய் வரலையா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நாளாக ஆகச் சொல்ல முடியாமப்போச்சு. நாளைக்கே வந்து மேனேஜர்கிட்ட நான் பேசறேன்."

"என்னன்னு பேசுவீங்க? எம்பொண்டாட்டிக்கு நாக்கு நல்லாத்தான் இருக்கு, நாந்தான் சரியில்லன்னா?"

அவர் தலை குனிந்துகொண்டார். தலைமைச் சமையல்காரி என்று அந்தப் பெண்ணின் பெயரைக் கேன்டீன் பலகையில் எழுதி ஆறு வாரமாகிறது. நன்றாகவும் சமைக்கிறாள். இனி யார் போய் என்ன பேசி என்ன ஆகப்போகிறது?

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றேன். "அன்னிக்கு நான் அழுதப்ப பக்கத்துல உக்காந்து தலையைத் தடவினீங்களே. அது எதுக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் அப்போது பொய் இல்லை.

"பாவமா இருந்துச்சு" என்றார்.