பூட்டில்லாத கேமுக்கு ஒரு நோட்டீஸ்

1

இதைக் கதையாக எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. அக்கா என்னிடம் கேட்டது ஒரு நோட்டீஸ். "அரைப் பக்கம் போதும். நீதான் கதையெல்லாம் எழுதுறியே, கேம் ஆடுறவங்களுக்கு உறைக்கிற மாதிரி ஏதாவது எழுதிக் குடு" என்றாள். உட்கார்ந்தேன்.

'அன்பார்ந்த விளையாட்டு ரசிகர்களே, நீங்கள் விலை கொடுத்து வாங்கிய கணினி விளையாட்டு உண்மையில் உங்களுடையதுதானா என்று என்றைக்காவது'

அதற்கு மேல் ஓடவில்லை. எனக்கே கொட்டாவி வந்தது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். நடந்ததை அப்படியே சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. அங்கேதான் வினை.

2

'கடலில் மாண்டுபோன கணவன் விட்டுச்சென்ற கடைசி விளையாட்டை அவள்'

இது இரண்டாவது தொடக்கம். அக்கா படித்துவிட்டுப் பேப்பரை மேஜையில் வைத்தாள்.

"ஏண்டி, உங்க அத்தான் உள்ள குறட்டை விட்டுட்டு இருக்கார். அதுக்குள்ள ஏன் கொன்ன?"

"உருக்கமா இருக்கும்னு பார்த்தேன்."

"உருக்கமெல்லாம் வேணாம். கேம் திறக்கல. அதைச் சொல்லு."

சொல்கிறேன். அக்கா பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். அத்தான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர்; வருஷத்தில் பாதி கடலோடு போய்விடும். வீட்டில் இருக்கும் நாட்களில் இருவரும் ஒரே லேப்டாப்பில் ஒரு கேம் ஆடுவார்கள். வெற்றுத் தீவில் ஊர் கட்டும் கேம். பாலங்கள் அவர் பொறுப்பு, தெருக்கள் இவள் பொறுப்பு. தெரு வளைந்திருக்கிறது என்று ஒரு வாரம் பேசாமல்கூட இருந்திருக்கிறார்கள். அவர் கப்பலேறும்போது லேப்டாப்பும் கூடப் போகும். துறைமுகத்திலிருந்து ஊரின் படத்தை அனுப்புவார்.

போன பயணத்தில், நடுக்கடலில், கேமைத் திறந்தால் 'உரிமத்தைச் சரிபார்க்க இணையத்தில் இணையவும்' என்று வந்தது. கரைக்கு வந்து இணைத்தார். அதற்குள் கேமைச் செய்த கம்பெனி மூடப்பட்டிருந்தது. சரிபார்க்க எதிர்முனையில் ஆளில்லை. லேப்டாப்புக்குள் ஊர் பத்திரமாக இருக்கிறது. உள்ளே போக வழியில்லை.

* இந்தச் சரிபார்ப்பை டிஆர்எம் என்பார்கள். வாங்கியவர்தானா ஆடுகிறார் என்று கேமை அதன் கம்பெனியிடம் கேட்க வைக்கும் பூட்டு. இது இல்லாத கேம்களும் விற்கிறார்கள். இறக்கி வைத்துக்கொண்டால் முடிந்தது, யாரையும் கேட்க வேண்டாம். அப்போது அக்காவுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது.

அக்கா அழவில்லை. வாங்கும்போது 'சம்மதம்' என்று தட்டிவிட்ட ஒப்பந்தத்தைத் தேடியெடுத்து முழுக்கப் படித்தாள். "நாம வாங்கினது கேம் இல்லையாம். ஆடிக்கிறதுக்கு அனுமதியாம்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

3

பக்கத்துத் தெருவில் இளவட்டங்கள் கூடி ஆடும் ஒரு கேம் சென்டர். ஞாயிறுதோறும் அதன் மூலையில் அக்கா ஒரு மேஜை போட்டாள். வருகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: "இன்டர்நெட்டை அணைச்சிட்டு நீங்க வாங்கின கேமைத் திறங்க, பார்ப்போம்." சிலருக்குத் திறந்தது. திறக்காதவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு வேறொன்றைத் திறந்து பார்ப்பார்கள். மூன்றாவதும் திறக்காதபோது மேஜையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

ஒருநாள், எப்போதும் தொப்பி போட்டிருக்கும் ஒருவர் வந்தார். (அங்கே அவர் பெயரே தொப்பிதான்.) தானே கேம் செய்பவர். அவரும் மனைவியும் வேலையை விட்டுவிட்டு ஒரு படகோட்டி கேம் செய்துகொண்டிருந்தார்கள்.

"பூட்டு போடலேன்னா ஒருத்தன் வாங்குவான், ஊரே ஆடும் அக்கா."

"நான் பல்செட் செஞ்சு குடுக்கிறேன். கடிக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட கேக்கணும்னு சொல்ல முடியுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொப்பி சிரிக்கவில்லை. "பல்செட் ஒருத்தர் வாய்க்குத்தான் பொருந்தும். கேமை ஒரே தட்டுல ஆயிரம் பேருக்கு காப்பி எடுக்கலாம்."

[இந்த இடத்தில் அக்காவுக்கு ஓர் அருமையான பதில் எழுதிக்கொடுத்திருந்தேன். படிப்பவர்கள் கைதட்டியிருப்பார்கள். அடித்துவிட்டேன். உண்மையில் அக்கா அன்று மேஜையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.]

4

அடுத்த வாரமும் தொப்பி வந்தார். பூட்டு போட்டால்தான் வெளியிடுவோம் என்று வெளியீட்டாளர் சொல்லிவிட்டாராம். "உங்க தீவைக் காட்டுங்க" என்றார். அக்கா லேப்டாப்பைத் திருப்பி வைத்துத் தட்டினாள். அதே அறிவிப்பு. அவரும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு நான் கடையை மூடினா, என் கேமும் இப்படித்தான் நிக்குமா?"

"ஆமா."

"என் வீட்டுக்காரி கேம்ல வர்ற ஆத்தை ஒவ்வொரு அலையா வரைஞ்சா அக்கா" என்றார். எழுந்து போய்விட்டார்.

வெளியீட்டாளரை விட்டுவிட்டு, பூட்டில்லாமல் அவரே வெளியிட்டார்.

5

இங்கே முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் வெளிவந்த சில நாட்களிலேயே படகோட்டி கேம் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்விட்டது. ஆடியவர்கள் பாராட்டினார்கள். வாங்கியவர்கள் கொஞ்சம்தான். தொப்பி அக்காவுக்குப் போன் செய்தார்.

"தப்பு பண்ணிட்டேனா?"

அக்கா எனக்குப் போன் செய்தாள். "நான் சொல்லித்தானே செஞ்சான்? வேலையே ஓடலடி. ஒருத்தர் பல்லை இன்னொருத்தர் அச்சுல வைக்கப் போனேன்." அப்போதுதான் நோட்டீஸ் கேட்டாள். பூட்டில்லாததைத் தேடி வாங்குங்கள் என்பது பாதி. வாங்குங்கள் என்பது மீதி.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) காப்பியில் ஆடியவர்கள் மனம் மாறி வரிசையாக வாங்க, தொப்பியும் மனைவியும் அடுத்த கேமைத் தொடங்கி

(ஆ) தொப்பி பழைய வேலைக்கே திரும்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருப் பக்கமே

அக்கா இரண்டையும் அடித்தாள். "இன்னும் நடக்காததை நீ ஏன் முடிக்கிற?"

6

அவள் சொல்வது சரி. அடுத்த கேமா, பழைய வேலையா என்று தொப்பியும் மனைவியும் இன்னும் முடிவு செய்யவில்லை. வருகிற ஞாயிறும் அக்கா மேஜை போடத்தான் போகிறாள். இம்முறை அவர்கள் இருவரும் பக்கத்தில் உட்காருவார்களாம்.

அதற்குள் உங்கள் நண்பர் யாராவது, "நல்ல படகோட்டி கேம் ஒண்ணு இருக்கு, பூட்டே கிடையாது, காப்பி போட்டுத் தரட்டா?" என்று கேட்கலாம். உங்களைத் தடுக்க அந்தக் கேமுக்குள் எதுவும் இல்லை. இந்தக் கதையின் கடைசி வாக்கியத்தை நான் எழுதவில்லை. அவருக்கு நீங்கள் சொல்லப்போகும் பதில்தான் அது.