அரிசி மூட்டைகளின் அடியில் ஒரு பனி ஸ்கூட்டர்

லண்டனின் மிச்சம் பகுதியில் தம்பி சிவானந்தன் நடத்தும் பலசரக்குக் கடையின் பின்கூடத்தில், செல்வமலர் அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து நிலத்தில் தள்ளினாள். கடைசி மூட்டையும் இறங்கிய பிறகே அவளுடைய பனி ஸ்கூட்டர் முழுதாகக் கண்ணில் பட்டது. பாரம் நீங்கியும் அதன் பின்பகுதி எழவில்லை. குந்தியது குந்தியபடியே கிடந்தது.

நோர்வேயின் வடகோடியில், மீன் தொழிற்சாலைக்குப் போய்வரவென்று அவளும் கணவன் கிருஷ்ணராசாவும் வாங்கிய, பனிமேல் சறுக்கி ஓடும் வண்டி அது. அவன் இறந்ததும் சிவானந்தன் லொறி பிடித்துப் போய் அக்காவை லண்டனுக்கு அழைத்துவந்தான். ஸ்கூட்டரை விட்டுவர அவள் மறுத்ததால் அதுவும் கூடவே வந்தது. வந்த கிழமையே அதன் இருக்கை அரிசிக்கு மேடையாயிற்று. அவள் கல்லாவுக்கு ஆளானாள். இரண்டுக்கும் எவரும் அவளுடைய சம்மதத்தைக் கேட்கவில்லை. ஒரு பெண் கல்லாவில் அமர்ந்திருக்கும்வரை குடும்பம் அதைப் பாசம் என்கிறது. எழுந்துவிட்டாலோ பிடிவாதம் என்கிறது.

இப்போது அவள் எழுந்துவிட்டாள். வடக்கே அவளுடைய வீடு இன்னும் அவளுடையதாகவே இருந்தது. ஆனால் பனி விழுந்தபின் அந்த வீட்டுக்குத் தெரு கிடையாது. ஸ்கூட்டர் ஒன்றே வழி. லண்டனிலிருந்து ஒஸ்லோ வழியாக வடக்கே லொறி ஓட்டும் சவிரிமுத்து சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய நிபந்தனை ஒன்றுதான்.

“தானா ஓடி ஏறினால் கொண்டுபோறன், தங்கச்சி. ஆள் பிடிச்சுத் தூக்கிற சாமான் எண்டால் ஏலாது. என்ர நாரி ஏற்கெனவே போட்டுது” என்று இடுப்பைத் தடவிக் காட்டினார்.

சிவானந்தன் அதையே பற்றிக்கொண்டான். “ஏறாட்டில் திங்கட்கிழமை பழைய இரும்புக்காரன் வருவான், அக்கா. அந்த இடத்தில ஃப்ரீசர் வைக்கவேணும். நீங்களும் பேசாமல் எங்களோட இருங்கோ. வயசு போனால் எல்லாம் இப்பிடித்தான் இருந்துபோகும்.”

“ஆரைச் சொல்லுறாய்? வண்டியையோ, என்னையோ?”

அவன் மூட்டைகளைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கல்லாப் பக்கமே போகவில்லை. வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் றப்பர் பட்டியின் உள்ளே இருக்கும் பின் சஸ்பென்ஷனைப் பிடித்திருந்த போல்ற்றுகளைக் கழற்றினாள். துரு விடாப்பிடியாக நின்றது. அவள் அதைவிட விடாப்பிடியாக நின்றாள். சஸ்பென்ஷனின் இரும்புச் சட்டம் வெளியே வந்ததும் குற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஸ்பிறிங்குகள் இரண்டும் சோர்ந்து தங்கள் வளைவையே மறந்திருந்தன. தண்டுகளைத் தாங்கும் புஷ் வளையங்கள் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தன.

அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

“இஞ்சை வந்து பார். கிருஷ்ணராசாவும் நானும் மீன் பெட்டியுமா எத்தினை வருசம் இதில கல்லுக்கு மேலால குதிச்சனாங்கள். ஒண்டும் நடக்கேல்லை. ஓடினால் அமுங்கும், பிறகு எழும்பும். நீ எழும்பவே விடேல்லை. இரவு பகலா அரிசியை ஏத்தி வச்சு, அதைச் சாக்காட்டிப்போட்டு, வயசெண்டு சொல்லுறாய்!”

“எனக்கென்ன தெரியும், அக்கா? இடம் சும்மா கிடந்தது.”

“அது இடமில்லை. அது என்ர வண்டி.”

பின்பகுதி எழவில்லை என்று அவள் சொன்ன அன்றே வடக்கிலிருந்து தோழி மெற்றில்டா அனுப்பிய புதிய ஸ்பிறிங்குகளையும் புஷ்களையும் பூட்டி, கிறீஸ் வைத்து, சட்டத்தை உள்ளே தள்ளிப் போல்ற்றுகளை முறுக்கினாள். எஞ்சியிருந்தது ஸ்பிறிங்குகளின் நீண்ட கால்களை வளைத்து அவற்றைத் தாங்கும் முட்டுகளில் ஏற்றுவதுதான். முதல் தடவை ஒன்று நழுவிச் சுவரில் அறைந்தது. டோர்ச் பிடித்திருந்த சிவானந்தனின் மனைவி சுசிலா அலறிவிட்டாள்.

“விட்டிடுங்கோ மச்சாள், கையைக் கொண்டுபோயிடும்!”

“வருசக்கணக்கா மீன் வெட்டின கை இது. ஒரு கம்பிக்குப் பயப்பிடுமோ? வெளிச்சத்தை ஆட்டாமல் பிடி.”

மீன் பெட்டி கட்டும் நைலோன் கயிற்றை இரட்டையாக்கி, ஸ்பிறிங்கின் நுனியில் கொளுவி, சட்டத்தில் காலை ஊன்றி இழுத்தாள். நுனி முட்டில் ஏறி உட்கார்ந்தது. மற்றதும் ஏறியது. இருவருமாக வண்டியை நிமிர்த்தியபோது அதன் பின்பகுதி நிலத்தைவிட்டு உயர்ந்து நின்றது.

சனிக்கிழமை கடைக்குப் பின்னாலுள்ள சந்தில் சவிரிமுத்து லொறியின் பலகையைச் சாய்த்தார். சுசிலா இரண்டு எலுமிச்சம்பழங்களோடு ஓடிவந்து, சில்லைத் தேடிக் காணாமல், முன்னுள்ள சறுக்குக் கட்டைகளின் அடியில் வைத்தாள். இயந்திரம் இருமிப் புகைவிட்டுப் பிடித்துக்கொண்டது.

சிவானந்தன் குறுக்கே வந்தான். “வெறும் வண்டி ஏறினால் போதுமோ, அக்கா? அங்கை பாரத்தோட ஓடவேணுமே.”

“அப்ப பின்னால ஏறி இரு.”

“நானோ?”

“நீதான். அரிசியைவிட நீ பாரம்.”

சவிரிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே சிவானந்தன் ஏறி அமர்ந்தான். ஸ்பிறிங்குகள் அமுங்கின. செல்வமலர் விசையை அழுத்தினாள். எலுமிச்சை நசுங்கியது. பலகையின் நடுவில் வண்டி ஒருகணம் குந்தியது. சுசிலா கண்ணைப் பொத்திக்கொண்டாள். பின்பகுதி மறுபடி நிமிர்ந்து உந்த, இருவரையும் சுமந்துகொண்டு வண்டி லொறிக்குள் ஏறி நின்றது.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். முதுகுக்குப் பின்னாலிருந்து தம்பியின் குரல் தாழ்ந்து வந்தது.

“அப்ப, கடையை ஆர் பாக்கிறது, அக்கா?”

“கல்லாவில நீ இரு. அரிசியை நிலத்தில அடுக்கு. இப்ப இறங்கு தம்பி, நான் வண்டியைக் கட்டவேணும்.”