பெருவிரல் கட்டு

மாடசாமி தோட்ட வேலையிலிருந்து நின்று வருடக்கணக்காகிவிட்டது. ஆனால் அவருடைய கால்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அவர் பாயில் சாய்ந்ததுமே அவை கிளம்பிவிடும். முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள்ளேயே எறும்புப் படை ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. உதறினால் அடங்கும், அடங்கிய மறுகணமே ஊறும். விடிவதற்குள் படுத்தபடியே நமுனுகுலை மலையை ஏறி இறங்கிவிடுவார். அவர் உதைத்த உதையில் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவின் சாமி படங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன என்று பூனாகலைத் தோட்டம் முழுக்கப் பேச்சு. இந்த மனுசனுக்கு லாடம் அடித்துவிட்டால் லயத்துக்கே வருமானம் என்று அவர் மனைவி ஜீவராணி தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கால்கள்தான் இப்போது மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. ஒருநாள் பண்டாரவளை பஸ் நிலையத்தில் வலது செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் கடைத்தெரு முழுக்க ஒற்றைச் செருப்போடு நடந்து முடித்துவிட்டார். அன்றைக்கு ஜீவராணி சிரிக்கவில்லை.

முதுகெலும்புக்குள் ஏதோ ஒன்று நரம்பை நெரிக்கிறது என்றார் பதுளை சேர்ஜன். அது என்ன, எங்கே என்று காந்தக் குழாய்க்குள் வைத்து எடுக்கும் ஸ்கேன் படத்தில் தெளிவாகத் தெரிந்தால்தான் கத்தி வைக்க முடியும். தாமதித்தால் கால் இரண்டும் ஒரேயடியாக நின்றுவிடலாம். படம் தெளிவாக விழ வேண்டுமென்றால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். அசைந்தால் படம் குழம்பிவிடும். பிறகு மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும். அங்கே முறை வரும்போது கால் மிச்சமிருக்குமோ என்னவோ. ஆடுகிற கால் நின்றுபோகாமல் இருக்க, ஆடாமல் நிற்க வேண்டும். இப்படியொரு கணக்கை எமன்தான் உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும் என்று மாடசாமிக்குப் பட்டது.

படம் எடுக்கும் இடம் பதுளையில் இருந்தது. எடுப்பவள் றின்ஸா, வெலிமடைப் பக்கத்துப் பெண். கால் ஊறல்காரர்களுக்குத் தேயிலை ஆகாது, முதல்நாளிலிருந்தே டீ, கோப்பி எதையும் தொட வேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். வந்ததும் அதைத்தான் கேட்டாள்.

"சொட்டுக்கூடத் தொடல மிஸி," என்றார் மாடசாமி, நெஞ்சை நிமிர்த்தி.

"சத்தியமா இல்லீங்க," என்றாள் ஜீவராணி. "சாயத்தண்ணி மட்டுந்தான். பஸ்ஸுல குளிரும்னு கொஞ்சம் கட்டியா ஊத்திக் குடுத்தேன்."

றின்ஸா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அவர்களுக்கோ தாங்கள் செய்த தப்பு என்னவென்று விளங்கவேயில்லை. தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால் விழாதது டீயே கிடையாது. அது நிறம் மாறிய தண்ணீர். அந்தத் தண்ணீரை மாடசாமி காலையிலிருந்து ஒரு குளம் அளவுக்குக் குடித்திருந்தார்.

முதல் தடவை குழாய்க்குள் தள்ளப்பட்டதும், சாயம் குடித்த எறும்புகள் எல்லாம் கொடி பிடித்துக்கொண்டு ஊர்வலம் கிளம்பின. இயந்திரம் நாலு தட்டுத் தட்டுவதற்குள் வலது கால் துள்ளிப் போர்வையை அறையின் அந்தப் பக்கத்துக்கு அனுப்பியது. றின்ஸா நிறுத்தினாள். அவரை வெளியே இழுத்து நடைபாதையில் நடக்கவிட்டாள். கெண்டைக்காலைத் தேய்க்கச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தாள். இன்னும் ஒரு தடவைதான் முயல முடியும் என்றும், அதற்குமேல் தன் கையில் ஒன்றுமில்லை என்றும் மெதுவாகச் சொன்னாள்.

மாடசாமி தலையைத் தூக்கித் தன் கால்களைப் பார்த்தார்.

"மிஸி," என்றார். "ரெண்டு கால் பெருவெரலையும் சேத்துக் கட்டிருங்க."

"என்ன பேச்சு இது," என்றாள் ஜீவராணி. "உசுரோட இருக்கிற மனுசனுக்கு யாரு கட்டுவா?"

"உசுரோட இருக்கிறதாலதான் ஆட்டுது. செத்தவன் எவனாச்சும் கால ஆட்டி நீ பாத்திருக்கியா?"

றின்ஸாவும் தயங்கினாள். "எங்கட ஆக்களும் மௌத்தானவங்களுக்குத்தான் ஐயா கட்டுறது," என்றாள்.

"அப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச கட்டுதான். கட்டுங்க."

பேண்டேஜ் துணியைக் கிழித்து றின்ஸா கட்டினாள். ஆள் ஒருவர் கால்மாட்டில் இருந்து உள்ளங்காலை அழுத்திப் பிடித்தால் ஊறல் குறையும், ஆனால் உள்ளே வருகிறவர் உடம்பில் உலோகம் ஒரு பொட்டும் இருக்கக்கூடாது என்றாள். ஜீவராணி தோட்டைக் கழற்றினாள். மோதிரத்தைக் கழற்றினாள். றின்ஸாவின் கண் அவள் கழுத்தில் வந்து நின்றது. மஞ்சள் கயிறு, தாலி, அதில் வரிசையாகக் கோத்திருந்த ஊக்குகள். காந்தம் ஊக்கைக் கண்டால் விடாது.

கட்டிய பெருவிரல்களையும் தன் கயிற்றையும் ஜீவராணி மாறி மாறிப் பார்த்தாள். ஒரு நல்ல சாவுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்தச் சின்ன அறையில் தயாராகியிருந்தன. அழுகிறவர்கள்தான் இன்னும் வந்து சேரவில்லை. கயிற்றின் முடிச்சை அவிழ்த்து றின்ஸாவின் கையில் வைத்தாள்.

குழாய்க்குள் இருட்டு. முகத்துக்கு ஒரு சாண் மேலே கூரை. இயந்திரம் அடிக்கத் தொடங்கியது. மாடசாமியின் காதுக்கு அது இயந்திரமில்லை. தப்பு மேளம், அதுவும் சாவுக்கு அடிக்கிற தப்பு.

சரி, செத்தாயிற்று என்று முடிவு செய்துகொண்டார். செத்தவனுக்கு வேலை ஒன்றுதான், கிடப்பது. தன் சாவுக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினார். கடைக்கார இராசையா எல்லாரையும்விட உரக்க அழுதான். கல்லாவில் இருக்கும்போது இல்லாத பாசம். வெலிமடைப் பங்காளி மாலை வாங்கக் காசு போவதற்கு அஞ்சி தோட்டத்தில் பிடுங்கிய ஒரு கட்டு லீக்ஸோடு வந்து நின்றான். பாடையை மேல்பாதையில் கொண்டுபோவதா, கீழ்பாதையில் கொண்டுபோவதா என்று இரண்டு கட்சி பிரிந்து, பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு சட்டையைப் பிடித்தார்கள். மாடசாமிக்குச் சிரிப்பு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டார். கெண்டைக்காலில் ஊறல் எழும்பியது. பிணத்துக்கு ஏதடா ஊறல் என்று அதட்டினார். அது முழங்காலுக்கு ஏறியது, தொடைக்கு ஏறியது.

பிறகு, யாரோ விளக்கை அணைத்ததுபோல நின்றுபோனது.

முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தார். உள்ளங்காலை அழுத்திக்கொண்டிருந்த ஜீவராணியின் கைகளும் இல்லை. கட்டின் இறுக்கமும் இல்லை. இடுப்புக்குக் கீழே எதுவுமே இல்லை. நான் ஆட்டாமல் கிடக்கிறேனா, ஆட்ட முடியாமல் கிடக்கிறேனா? ஒரு விரலை அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அசைத்தால் படம் போய்விடும். அவசரமென்றால் அமுக்கச் சொல்லி றின்ஸா கொடுத்திருந்த ரப்பர் பந்து உள்ளங்கையில் வியர்த்தது.

தப்பு வேகமெடுத்தது. அவர் கூப்பிடாத முகங்களெல்லாம் இப்போது வரத் தொடங்கின. அவரோடு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டி, எப்போதோ மண்ணுக்குள் போனவர்கள், மண் ஒட்டிய கால்களோடு வந்து பாடையின் நாலு மூலையிலும் தோள் கொடுத்தார்கள். யாரும் அழவில்லை. எந்தப் பாதை என்று யாரும் கேட்கவுமில்லை. அவர்களுக்கு வழி தெரிந்திருந்தது. பாடை தரையைவிட்டு எழும்பியதை மாடசாமி முதுகில் உணர்ந்தார்.

பந்தை அமுக்கவில்லை.

வெளிச்சம் வந்தபோது றின்ஸாவின் முகம் மேலே தெரிந்தது. "படம் கண்ணாடி மாதிரி விழுந்திருக்கு ஐயா," என்றாள்.

"காலு இருக்கா மிஸி?"

ஜீவராணி முடிச்சை அவிழ்த்துவிட்டாள். கால்கள் கிடந்தன. தேய்த்தாள், கிடந்தன. உள்ளங்காலில் ஓங்கி ஓர் அறை விட்டாள், அப்படியே கிடந்தன. வெறுங்கழுத்தோடு அவரை அவள் பார்த்த பார்வையை மாடசாமியால் தாங்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வருடக்கணக்காகத் தான் திட்டித் தீர்த்த அந்த எறும்புகளைப் பெயர் சொல்லாத குறையாகக் கெஞ்சிக் கூப்பிட்டார்.

எங்கேயோ தூரத்தில் ஒன்று ஊர்ந்தது. அப்புறம் ஒன்பது. அப்புறம் தோட்டத்து எறும்பு மொத்தமும். கால் எழும்பிய வேகத்தில் ஜீவராணி சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். வெளியே வந்ததும் றின்ஸா கொடுத்த கயிற்றை அவள் தானாகப் போட்டுக்கொள்ளவில்லை. அவர் முன்னால் வந்து குனிந்து நின்றாள். மூன்று முடிச்சையும் மாடசாமி இறுக்கிப் போட்டார்.

றின்ஸா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனில் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் தாழ்ந்துகொண்டே போனது. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சேர்ஜன் படத்தப் பாத்துட்டார். வீட்டுக்குப் போக வேணாமாம் ஐயா. இண்டைக்கே வார்டுக்கு வரட்டாம்."

"நாளைக்கு வந்தா?" என்று ஜீவராணி கேட்டாள்.

றின்ஸா வாசலைப் பார்த்துக் கையை அசைத்தாள். ஒரு பணியாள் சக்கர நாற்காலியை உருட்டிவந்து அவர் பக்கத்தில் நிறுத்தினான். மாடசாமி அதை மேலும் கீழும் பார்த்தார். ஜீவராணியின் பையை வாங்கி அதில் உட்காரவைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வலது காலைத் தரையில் உரசியபடி நடந்தார். பின்னால் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.